உத்திரமேரூரில் சுட்ட கார்ன்பிரெட்

1

"இன்னாம்மா செல்வி, நீ இன்னும் கெளம்பலியா?"

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில், பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தியின் அம்மா கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனி மாதம் ஊருக்கு வந்தவள் ஐப்பசி மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில் போய் வந்துகொண்டிருந்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். "விசா இன்னும் வரலைம்மா" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்டுக்காரரு நல்லாப் பேசிக்கினுதானே கீறாரு?" என்றார்.

பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பது?

வெளிநாட்டில் குடியேறியவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்து எழுதுவார்கள். எனக்கு அதற்கும் கொடுப்பினை இல்லை. நான் ஊரில் தம்பி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் இருக்கும் என் வீட்டை நினைத்து எழுதுகிறேன். என் கணவர் சேகர் அங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். மகள் யாழினி அங்கேயே பிறந்தவள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் யாருக்கும் 'ழ' வராது என்பதால் அவளை 'யாஸ்' என்று வெட்டிவிட்டார்கள். இங்கே தம்பி வீட்டிலும் 'யாளினி'தான். பெயர் வைத்த எனக்கு மட்டும் அது முழுதாகச் சொல்ல வருகிறது. அவள் பெரும்பாலும் நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அப்பாவின் முதல் வருடத் தெவசத்துக்கு மூன்று பேருமாக வந்தோம். மகளிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது. சேகர் போன முறை வேலையாக வந்தபோதே விசா முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டுவிட்டார். என்னுடையது மட்டும் பாக்கி. சென்னைக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞர், கணவர் என்ன வேலை செய்கிறார், எந்த ஊர் என்று இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். 'மேற்கொண்டு பரிசீலிக்க வேண்டியிருக்கிறது' என்று ஒரு வண்ணத்தாளைக் கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். எதைப் பரிசீலிக்கிறார்கள், ஏன், எப்போது முடியும்? யாரும் சொல்லவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால், 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது.

டென்னஸியில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும். சேகரும் யாழினியும் கிளம்பிப் போனார்கள். விமான நிலையத்தில் அவள் அழவில்லை. "சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள், ஏதோ நான்தான் வேண்டுமென்றே தாமதிக்கிறவள் போல.

2

கார்ன்பிரெட் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று சொல்லியாக வேண்டும். இங்கே பலருக்கு அது என்னவென்றே தெரியாது. மக்காச்சோளத்தை ரவை போல உடைத்து, மோரும் முட்டையும் சேர்த்துக் கரைத்து, ஓவனில் சுட்டெடுப்பது. பெயரில்தான் பிரெட். ஈஸ்ட் கிடையாது, பிசைவது கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டில் லோரி என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாங்கள் குடிபோன புதிதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "உன் வீட்டில் கார்ன் மீல் இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த 'மீல்' நம் ஓட்டல் மீல்ஸ்தான். "இல்லை, நாங்கள் மதியமே சாப்பிட்டுவிட்டோம்" என்று பதில் சொன்னேன். லோரி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கார்ன் மீல் என்றால் மக்காச்சோள ரவை. அன்று சாயங்காலமே அதில் சுட்ட ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே உதிர்வாக லேசான புளிப்பு. அதுவரை தின்றுவந்த வறட்டுச் சாண்ட்விச்சுக்கு நடுவே முதல்முறையாக என் நாக்குக்குப் பேசத் தெரிந்த ஒரு பண்டம்.

லோரி கிழக்கு டென்னஸியின் மலைப்பக்கத்தில் பிறந்தவள். அவர்கள் முறையில் வெள்ளை மக்காச்சோளம்தான். மைதா கூடாது. சர்க்கரை என்று வாயால்கூடச் சொல்லக்கூடாது. கனத்த இரும்புச் சட்டியில் கொழுப்பை ஊற்றி, புகை வரும் வரை காய்ச்சி, மாவை ஊற்றியதும் 'சொய்' என்று கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் அது கார்ன்பிரெட்டே இல்லை என்பாள். அவர்கள் பன்றிக் கொழுப்பு ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் வெண்ணெயும் எண்ணெயும்.

லோரியின் கணவர் வடக்கே ஒஹாயோவைச் சேர்ந்தவர். அவர்கள் பக்கத்தில் மஞ்சள் மக்காச்சோளமும் மைதாவும் பாதிக்குப் பாதி, மோருக்குப் பதில் பால், கை நிறையச் சர்க்கரை. கேக் மாதிரி பொங்கி வரும். அந்த வீட்டில் இதற்காக நடந்த சண்டைகள் வேலி தாண்டிக் கேட்கும். "அது கேக்! கேக் என்று சொல்லிவிட்டுத் தின்னு!" என்று லோரி கத்துவாள். தெற்கே டெக்ஸஸ் பக்கம் போனால் பச்சைமிளகாயும் சீஸும் முழுச் சோளமணியும் போடுகிறார்கள். வர்ஜீனியாவில் கரண்டியால் அள்ளித் தின்கிற மாதிரி களிபோல ஒன்று செய்கிறார்கள். மிஸிஸிப்பிப் பக்கம் இன்னொரு வகை உண்டு. சோளமாவில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பிசைந்து, கையால் தட்டி, சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டெடுப்பது. ஓவனே வேண்டாம். ஒருமுறை கடையில் வாங்கிவந்து லோரியிடம் காட்டினேன். "ஓவன் இல்லாதவர்கள் செய்வது" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்குப் பிடித்தது லோரியின் முறை. யாழினிக்குப் பிடித்தது ஒஹாயோ இனிப்பு, பள்ளி உணவகத்தில் தருவது அதுதான். எனக்கும் அவளுக்கும் முதல் பிளவு இங்கேதான் தொடங்கியது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

3

அவர்கள் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வீடியோவில் பேசுவோம். அங்கே அது சனிக்கிழமை சாயங்காலம் தாண்டிய நேரம். முதலில் பள்ளிக்கூடக் கதை, தோழிகள் கதை எல்லாம் வரும். ஆவணி முடிவதற்குள் அது 'ஃபைன்', 'ஓகே' என்று சுருங்கிவிட்டது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். பிறகு, கேட்டால் தோள் குலுக்கல். செல்போனில் என் மகளின் முகம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் கண்கள் வேறு எங்கோ இன்னொரு திரையில்.

ஒருநாள் சேகர்தான் சொன்னார். "இங்க ஊர்ல அறுவடைத் திருவிழா வர்து செல்வி. கார்ன்பிரெட் போட்டியில பசங்க பிரிவும் கீதாம். இவ பேரு குடுத்துகிறா."

எனக்கு உடனே ஒரு யோசனை. ஞாயிறுதோறும் அவள் அங்கே சுடட்டும், நான் இங்கே சுடுகிறேன். வீடியோவில் சேர்ந்தே செய்வோம். பேச்சு வராவிட்டாலும் கை வேலை நடக்கும். யாழினி தோளைக் குலுக்கவில்லை. "ஓவன் இல்லாம எப்படிம்மா?" என்று தமிழிலேயே கேட்டாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஓவன் பிற்பாடு. முதலில் மாவு வேண்டுமே! பஜாரில் ஒரு மளிகைக் கடைக்குப் போய், "கார்ன் மீல் இருக்கா?" என்றேன். கடைக்காரர் யோசித்துவிட்டு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவை எடுத்து வைத்தார். "அது இல்லைங்க, மாவு" என்றேன். கார்ன்ஃபிளவர் பாக்கெட் வந்தது. அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த புத்தி, கார்ன் என்று எழுதியிருந்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் ஊரில் கார்ன்ஃபிளவர் என்றால் சூப்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளைப் பொடி என்பது எனக்கு எப்படி மறந்தது? முட்டையும் தயிரும் ஊற்றிக் கரைத்து, காய்ந்த சட்டியில் விட்டேன். திருவிழாவில் போஸ்டர் ஒட்டலாம், அப்படிப்பட்ட பசை.

"இன்னா அண்ணி இது?" என்று வந்து நின்றாள் தம்பி மனைவி ரேவதி. கரண்டியால் அதை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அது ரப்பர் போல நீண்டு, திரும்பவும் சட்டிக்கே போனது. "இத்த மாட்டுக்கு வெச்சாக்கூட மொறச்சிக்கினு பூடும்."

இரண்டாவது தடவை, 'சோளமாவு' என்று தமிழில் கேட்டேன். கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் அது வெள்ளைச்சோளம், நம் பழைய சோளம். மக்காச்சோளம் இல்லை. தப்பு என்னுடையது. என் சொந்த மொழியில் நானே கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். இரண்டு மொழியிலும் ஒரு சாமானை ஒழுங்காகக் கேட்டு வாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேனே என்று அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

4

கடைசியில் என் தம்பி குமார்தான் வழி சொன்னான். அவன் டிராக்டர் வைத்து வாடகைக்கு உழவு ஓட்டுகிறான். "மக்காச்சோளம் தானேக்கா? கோயித் தீவனக் கடையில மூட்ட மூட்டயாக் கீது" என்றான். இந்தப் பக்கம் எல்லாம் நெல். மக்காச்சோளம் கோழிக்குத்தான், மனிதர் தின்கிற பொருளாக யாரும் நினைப்பதில்லை. நல்ல மணியாகப் பொறுக்கி வாங்கி, கழுவிக் காயவைத்து, மாவு மிஷினுக்கு எடுத்துப் போனேன்.

மிஷின்காரர் பையைத் திறந்து பார்த்தார். "கோயிக்கா, அக்கா? கோயிக்கின்னா பர்ருனு கொரகொரப்பா வுட்டாப் போதும்."

"மனுசங்களுக்குங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மன்சாளுக்கா? இத்த இன்னா பண்ணுவீங்க?"

"பிரெட் செய்யறது."

"பேக்கிரியில வாங்கிக்கலாமே" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் நான் கேட்டபடியே ரவைக்கும் மாவுக்கும் நடுவான பதத்தில் அரைத்துக் கொடுத்தார். அடுத்து வந்த ஆளின் அரிசிமாவில் மஞ்சள் நிறம் கலந்துவிட்டது என்று அங்கே ஒரு சண்டை. அதற்கும் நான்தான் காரணம்.

மற்ற சாமான்கள் சுலபம். அமெரிக்கக் கடையில் விற்கும் 'பட்டர்மில்க்' நம் மோர் இல்லை. அங்கே போன புதிதில் உப்பும் இஞ்சியும் போட்டு அதைக் குடிக்கப் பார்த்து, கூழ் போல இருப்பதைக் கண்டு துப்பியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் புளித்த கெட்டித் தயிரில் கால் பங்கு தண்ணீர் விட்டு அடித்தால் அதே பதம் வந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரைக் குமார் காஞ்சிபுரத்திலிருந்து வாங்கிவந்தான். ஆப்ப சோடா எங்கேயும் உண்டு.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவைச் சொல்கிறேன். இரண்டு குவளை மக்காச்சோள ரவை, ஒரு தேக்கரண்டி உப்பு, அதே அளவு பேக்கிங் பவுடர், அதில் பாதி ஆப்ப சோடா. ஒரு முட்டை. ஒன்றரைக் குவளை தயிர்க்கரைசல், மாவு குடிக்கக் குடிக்க இன்னும் கொஞ்சம். கால் குவளை எண்ணெயோ வெண்ணெயோ இரும்புச் சட்டியில் நன்றாகக் காய்ந்ததும், அதில் பாதியை மாவில் ஊற்றி ஒரு கலக்கு கலக்கி, உடனே மாவைச் சட்டியில் கொட்ட வேண்டும். ஓவன் இருந்தால் நல்ல சூட்டில் அரைமணிக்குச் சற்றுக் குறைவாக. ஒஹாயோ முறைக்குப் பாதி ரவையை எடுத்துவிட்டு மைதா, தயிருக்குப் பதில் பால், சோடா வேண்டாம், பவுடரைக் கூட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரை உங்கள் மனம் போல. என்னிடம் கேட்காதீர்கள்.

ஓவனுக்குப் பதிலாக, வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பில் பெரிய குண்டானை வைத்து, அடியில் மணலைப் பரப்பிச் சூடேற்றினேன். மாவு ஊற்றிய இரும்பு வாணலியை உள்ளே இறக்கி, மேலே தட்டைப் போட்டு மூடி, தட்டின் மேல் தணலை அள்ளிப் போட்டேன். அடிப்பக்கம் கருகாமல் மேல்பக்கம் சிவக்க வேண்டும். முதல் இரண்டு முறை கருகியது. மூன்றாம் முறை ஒழுங்காக வெந்தது. ஆனால் நம் வாணலியின் அடி உருண்டை அல்லவா? தட்டில் கவிழ்த்தால் குடுமி பிய்த்த தேங்காய் போல உட்கார்ந்தது.

"தேங்கா மூடி மாறி கீது அண்ணி" என்றாள் ரேவதி. ஒரு துண்டைப் பிட்டுத் தின்றாள். கொஞ்சம் மென்றுவிட்டு, "மீன் கொயம்பு இருந்தா ஓடிப் பூடும்" என்றாள். அதற்கு மேல் ஒரு பாராட்டை அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

டென்னஸிச் சமையலறையில் யாழினி தன் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். தட்டையாக, வட்டமாக, அச்சில் வார்த்தது போல இருந்தது. என் தேங்காய் மூடியைப் பார்த்துச் சிரித்தாள். நெட்வொர்க் போய் அவள் சிரித்த வாய் அப்படியே திரையில் உறைந்து நின்றது. நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

நன்றாகப் போய்க்கொண்டிருந்த விஷயம் புரட்டாசியில் கெட்டது.

அன்று சேகர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "யாளு, கறிவேப்பல, பச்சமொளகா, கொஞ்சம் சீரகம் போடேன். போட்டியில வித்தியாசமா நிக்கும்." பள்ளியில் அவளுடைய ஆசிரியையும் அதையேதான் சொன்னாராம். உன் நாட்டு மசாலா ஏதாவது சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று.

யாழினி கரண்டியைத் தொப்பென்று வைத்தாள். ஆங்கிலத்தில் கத்தினாள். தமிழில் சொன்னால் இப்படி: "எதற்கு நான் எப்போதும் இந்தியாக்காரியாகவே இருக்க வேண்டும்? என் வகுப்பு எம்மாவுக்குப் பூர்வீகம் ஜெர்மனி, அவள் ஜெர்மன் மசாலா போடவா போகிறாள்? எனக்குச் சாதாரண கார்ன்பிரெட் செய்ய வேண்டும். எல்லோரும் செய்கிற மாதிரி."

"அவ சொல்றது சரி" என்றேன். "விடுங்க அவளை." அவள் திரையைப் பார்த்தாள். என்னை நேராகப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த நிமிடமே அவள் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சர்க்கரை போட்டா அது கார்ன்பிரெட் இல்ல யாழினி. லோரி என்ன சொல்லியிருக்கா?" என்றேன்.

"லோரி வீட்டுலயே ரெண்டு விதமா செய்யறாங்க!"

"மலைக்காரங்க செய்யறதுதான் ஒழுங்கு."

என் வாயிலிருந்து வந்த சொல்லை நினைத்தால் இப்போது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. உத்திரமேரூரில் விறகடுப்புப் புகையில் நின்றுகொண்டு, டென்னஸி மலைவாசிகளின் சுத்த சம்பிரதாயத்துக்காகச் சொந்த மகளோடு மல்லுக்கு நிற்கிறேன்! ஆனால் அப்போது வேடிக்கையாக இல்லை. அவள் சொன்ன பதில்தான் காரணம்.

"நீ இங்க இல்ல. எனக்கு இப்ப என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியாது."

போன் அணைந்தது. அடுத்த ஞாயிறு அவள் எடுக்கவில்லை. தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் சேகர். அதற்கடுத்த ஞாயிறும் அவரேதான் பேசினார்.

"அவளாண்ட நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது செல்வி? அம்மா எப்ப வருவான்னு கேக்கறா. எனக்குத் தெர்ல. தெர்லன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

அன்று காலை விசா வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். 'பரிசீலனையில் உள்ளது.' அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தேன். மூடித் திறந்தால் மாறிவிடுமா என்ன? மாறவில்லை.

6

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்துவிட்டது. பின்பக்கம் நின்று சமைக்க முடியாது. குண்டான், மணல், தணல் எல்லாம் போச்சு. மீந்திருந்த மக்காச்சோள மாவில் வண்டு வைத்துவிடும் என்று ரேவதி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த மிஸிஸிப்பி வகை நினைவுக்கு வந்தது. மாவைச் சலித்து, உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். கை பொறுக்கும் சூட்டில் வடை அளவுக்குத் தட்டி, காஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டேன். ஓரம் முறுக்கு போல, நடு மெத்தென்று. கேழ்வரகு அடை தட்டுகிற எந்தக் கைக்கும் இது வரும். ரேவதி ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். மாவைப் பற்றி அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

செய்வதை ரேவதியைப் போனில் படம் பிடிக்கச் சொல்லி, யாழினிக்கு அனுப்பினேன். கூடவே ஒன்றும் எழுதவில்லை. சர்க்கரை பற்றியும் இல்லை. அவளிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். பிறகு சேகர் சொல்லித்தான் தெரியும், வீட்டில் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று. "இன்னாத்தயோ சுட்டுக்கினே கீறா. என்ன கிட்டக்கவே வுட மாட்றா."

7

திருவிழா நடந்த சனிக்கிழமை எங்களுக்கு முடிந்து, ஞாயிறு விடிந்தது. குடையில்லாமல் வெளியே கால் வைக்க முடியாத மழை. காலை நாஷ்டாவுக்கு ரேவதி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யாழினியே கூப்பிட்டாள்.

முகம் சிவந்து வீங்கியிருந்தது. பின்னால் எங்கள் சமையலறை. லோரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சேகர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க சாப்பிடவே இல்லம்மா" என்றாள் யாழினி.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அவள் போட்டிக்கு எடுத்துப்போனது இனிப்பும் இல்லை, லோரியின் மலைமுறையும் இல்லை. வெந்நீர் ஊற்றித் தட்டிய கார்ன்பிரெட். அடுக்காகத் தட்டில் வைத்து, துணி மூடி எடுத்துப் போயிருக்கிறாள். நடுவராக வந்த அம்மாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தாராம். "எவ்வளவு அழகு! உங்கள் நாட்டுப் பண்டத்தை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி, செல்லம்" என்றாராம். இது கார்ன்பிரெட், இந்த நாட்டுப் பண்டம், மிஸிஸிப்பிப் பக்கம் செய்வது என்று யாழினி சொல்லியிருக்கிறாள். அதற்கும் அந்த அம்மாள் புன்னகைதான் செய்தாராம். பிறகு விதிப் பலகையைக் காட்டினார்களாம். 'ஓவனில் சுட்டதாக இருக்க வேண்டும்.' தட்டைத் தனியாக ஒரு மேசையில், போட்டியில் சேராத பண்டங்களோடு வைத்துவிட்டார்கள். பரிசு எம்மாவின் சர்க்கரை போட்ட கேக்குக்கு.

"கேக்!" என்று பின்னாலிருந்து லோரி வெடித்தாள். "நான் அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். தெற்கில் பிறந்துவிட்டு வெந்நீர் கார்ன்பிரெட்டைத் தெரியாதா உனக்கு என்று! இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், முடிவு பண்ணிவிட்டாள்!" சட்டென்று நிறுத்தி, "நானே அதை ஒரு காலத்தில் மட்டமாகப் பேசியவள்தான். இன்றைக்கு ஆறு தின்றேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் செய்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்றுதானே இந்தப் பெண் கேட்டாள்? அதைச் செய்துகொண்டு போய் நின்றபோது, இது உன் நாட்டுடையது என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கியிருக்கிறார்கள். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டலாம். நன்றி சொல்லி ஒதுக்குகிறவர்களை என்ன செய்வது? கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளைஞரும் என்னிடம் மிக மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏன் யாழினி அதைச் செஞ்ச? சர்க்கரை போட்டுச் செஞ்சிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே?" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "உன்னோடது ஒவ்வொரு வாட்டியும் தேங்கா மாதிரி வருது. என்னோடது வட்டமா வருது. வேற வேறயா இருந்தது. இதுதான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். சேம்."

ரேவதி இட்லித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். சேகர் அங்கே எழுந்து வந்து மகளின் தலையில் கையை வைத்தார். "பரவால்ல வுடு யாளு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். "போட்டின்னா அப்டித்தான். ரூல்னு ஒண்ணு கீது இல்ல?"

"பரவாயில்லையா? என்ன பரவாயில்லை?" என்று நான் கத்தினேன். சேகர் திடுக்கிட்டார். "அநியாயம் இது. சுத்த அநியாயம்!"

"ஆமா அண்ணே, ஒரு வாயி துண்ணு பாத்துட்டு சொல்றதுக்கு இன்னா கேடு?" என்றாள் ரேவதி என் தோளுக்குப் பின்னாலிருந்து. "பச்சப் புள்ள காலம்பறலேர்ந்து சுட்டு எடுத்துக்கினு போயிகீது!"

யாழினி அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரேவதி பேசியதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தன் பக்கம் நின்று ஒரு கூட்டமே கத்துகிறது என்பது புரிந்துவிட்டது.

"அம்மா, அநியாயம்னா என்ன?"

ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னேன். அது பற்றவில்லை. "செய்யக்கூடாததை, செய்யறோம்னு தெரியாத மாதிரி செய்யறது" என்றேன். "நியாயம்னு ஒண்ணு இருக்கு. அது இல்லாதது."

"அன்யாயம்" என்றாள்.

"அ-நி-யா-யம்."

"அநியாயம்." லோரியின் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, "அநியாயம்!" என்றாள். லோரி அதைத் தன் மலைப்பேச்சில் எப்படியோ திருப்பிச் சொல்லி மேசையைத் தட்டினாள்.

பிறகு யாழினி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் கிட்டே கொண்டுவந்தாள். "உன் விசா?" என்று கேட்டாள்.

"அதே நிலைமைதான்."

"அதுவும் அநியாயம்" என்றாள், என் மகள், தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல்.